ஸ்கிராபிளுக்குப் புதியவரா? விசித்திர ஆங்கிலச் சொற்களை எழுத்து வாரியாகப் படிக்கும் வழி

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்கள், தடித்தடி நாவல்களைப் படித்துத் தள்ளுகிறவர்கள்கூட எழுத்து டைல்களை வைத்துச் சொல் அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஸ்கிராபிள் பலகை முன்னால் உட்கார்ந்ததும் திகைப்பது ஒரே இடத்தில்தான். எதிரே இருப்பவர் கீ என்று ஒரு சொல்லை இரண்டே எழுத்தில் வைத்துவிட்டு 62 புள்ளி எழுதிக்கொள்வார். அடுத்து க்ரூத் என்பார், கூம் என்பார், அதில் உயிரெழுத்தே இருக்காது. நாம் ஏழு நல்ல எழுத்துகளை வைத்துக்கொண்டு அழகான ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அமைத்து 14 புள்ளி வாங்குவோம்.

இந்தச் சொற்களைப் படிக்கலாம் என்று இறங்கினால் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கும். எதை முதலில் படிப்பது, எதைத் தைரியமாக விடுவது என்று சொல்லத்தான் ஆள் கிடைக்காது. நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வரிசை இது.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். "ஸ்கிராபிளுக்கு அர்த்தம் தேவையில்லை, எழுத்து தெரிந்தால் போதும்" என்று அனுபவசாலிகள் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அகராதிபோல விரிவாக வேண்டாம், ஒரே ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது புள்ளியாக எப்படி மாறுகிறது என்பது படி 8-இல் வருகிறது.

கையில் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்துகளின் பெயர்களாகத் தந்திருக்கிறேன். படிக்கப் படிக்க நீங்களே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தது மறுநாள் போய்விடும், கையால் எழுதியது கொஞ்சம் தங்கும். ஒரு சின்ன ஏற்பாடு: டாக்டரில் வருவது 'டி', தேநீரைக் குறிப்பது 'டீ'. பஸ்ஸில் வருவது 'பி', பென்சிலில் வருவது 'ப்பி'. நம் எழுத்தில் இவை ஒன்றாகிவிடுவதால் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது.

1. எந்தப் பட்டியல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டில் இருக்கும் அகராதி இதற்கு உதவாது. போட்டிகளில் இரண்டு அதிகாரப்பூர்வப் பட்டியல்கள் புழக்கத்தில் உள்ளன. அமெரிக்கா, கனடா போட்டிகளில் பெரும்பாலும் வட அமெரிக்கப் பட்டியல். அதில் இரண்டு லட்சத்துக்கும் சற்றுக் குறைவான சொற்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் காலின்ஸ் பட்டியல். அதன் 2019 பதிப்பிலேயே 2,79,000-க்கு மேல். ஈரெழுத்துச் சொற்களை மட்டும் எடுத்தால், 2018-இல் வந்த வட அமெரிக்கப் பட்டியலில் 107, 2019 காலின்ஸில் 127. அந்த இருபது சொல் வித்தியாசத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நண்பர் ஒரு பட்டியலை வைத்துப் படித்திருப்பார், நீங்கள் இன்னொன்றை. ஆட்டம் வாக்குவாதத்தில் முடியும்.

இந்தக் கட்டுரை முழுக்கக் காலின்ஸை வைத்தே எழுதப்பட்டது. முக்கியமான இடங்களில் மட்டும் வேறுபாட்டைச் சொல்கிறேன்.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டியல் புதுப்பிக்கப்படும். புதிய சொற்கள் சேர்வது மட்டுமல்ல, இருந்தவை போவதும் உண்டு. 2021-இல் இனத்தையும் சமூகத்தையும் இழிவுபடுத்தும் சொற்கள் பல நீக்கப்பட்டன. பழைய புத்தகத்தில் அவை அப்படியே இருக்கும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே "எந்தப் பட்டியல், எந்த ஆண்டுப் பதிப்பு" என்று கேட்டுவிடுங்கள். கைபேசி விளையாட்டுகள் சில சொந்தப் பட்டியலை வைத்திருக்கின்றன. அங்கே செல்லும் சொல் பலகையில் செல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

2. செலவு: பணம் கொஞ்சம், நேரம் நிறைய

புத்தகம் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. சொற்களைத் தேட, எழுத்து வாரியாகப் பிரிக்க, வினாடி வினாவாகக் கேட்க ஸிஸிவா என்ற மென்பொருள் ஆட்டக்காரர்களிடையே பிரபலம். விளையாடி முடித்த ஆட்டத்தை அலசிப் பார்க்க க்வாக்கிள் இருக்கிறது, அது இலவசம். முதல் மாதத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும் என்பேன். மென்பொருளைத் திறந்தால் ஆயிரக்கணக்கான சொற்கள் ஒரேயடியாகக் கண்முன் வந்து நிற்கும், படிக்கும் ஆசையே போய்விடும்.

ஸிஸிவா மென்பொருளின் பெயரே ஒரு விசித்திரச் சொல்தான். இசட்-ஒய்-இசட்-இசட்-ஒய்-வி-ஏ என்பது வெப்பமண்டல அமெரிக்காவில் வாழும் ஒரு கூன்வண்டு. ஆட்டத்தில் ஒரே ஒரு இசட் டைல்தான் உண்டு. எனவே இந்தச் சொல்லை வைக்க, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைல்கள் இரண்டும் உங்களிடம் வந்து சேர வேண்டும். யாராவது பெருமையாகச் சொல்லிக்காட்டினால் ரசித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

படிக்க வேண்டியதை இப்படித்தான் வடிகட்ட வேண்டும்: எந்த டைல் எத்தனை இருக்கிறது? மொத்தம் 100 டைல். இ 12, ஏ-யும் ஐ-யும் தலா 9, ஓ 8. எஸ் 4, யு 4. க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே தலா ஒன்று. க்யூவுக்கும் இசட்டுக்கும் 10 புள்ளி, ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8, கேவுக்கு 5. வெற்று டைல் இரண்டு, அவற்றுக்குப் புள்ளி இல்லை. இந்த எண்கள் தெரியாமல் எந்தச் சொல் பட்டியலையும் தொடாதீர்கள்.

3. ஈரெழுத்துச் சொற்கள்: இதை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்

127 என்றதும் மலைக்க வேண்டாம். பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்தவைதான். தெரியாதவற்றிலும் முதலில் விலை உயர்ந்த எழுத்துகளை எடுங்கள்.

க்யூ-ஐ: சீனச் சிந்தனை மரபில் உடலுக்குள் ஓடும் உயிராற்றல். உச்சரிப்பு 'சீ' என்பதற்கு நெருக்கம். ஆட்டக்காரர்கள் பலர் 'கீ' என்றே சொல்வார்கள். எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கேயும் நெடுக்கேயும் இந்தச் சொல்லே அமைந்தால் 31-உம் 31-உம் சேர்ந்து 62. முதலில் சொன்ன கணக்கு இதுதான்.

இசட்-ஏ: பீட்சாவின் செல்லப் பெயர். இசட்-ஓ: யாக் எருதுக்கும் பசுவுக்கும் பிறந்த திபெத்தியக் கலப்பின மாடு. இசட்-இ: ஆண்பால் பெண்பால் காட்டாத சுட்டுப்பெயர். முதலாவது இரண்டு பட்டியலிலும் உண்டு. பின்னவை இரண்டும் காலின்ஸில் மட்டும்.

ஜே-ஓ: ஸ்காட்லாந்து வழக்கில் காதலி அல்லது காதலன். ஜே-ஏ: ஆமாம் என்று பொருள், காலின்ஸில் மட்டும். எக்ஸ்-ஐ கிரேக்க எழுத்து. எக்ஸ்-யு வியட்நாம் நாணயம். இவற்றோடு ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ் மூன்றும் சேர்ந்தால் எக்ஸ் கையில் வந்தால் கவலையே இல்லை.

நேரம் மிச்சப்படுத்தும் ஒரு தகவல்: வி சேர்ந்த ஈரெழுத்துச் சொல் எந்தப் பட்டியலிலும் கிடையாது. சி சேர்ந்தது காலின்ஸில் ஒன்றே ஒன்று, சி-ஹெச். எதிராளிக்கு இடம் கொடுக்காமல் பலகையை அடைக்க வேண்டுமானால் வி, சி இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

4. யு இல்லாத க்யூ

எல்லாக் கூட்டங்களிலும் உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இது. க்யூவுக்குப் பின் யு வர வேண்டும் என்பது பள்ளியில் பதிந்த பழக்கம். ஆட்டத்திலோ நான்கே யு உண்டு. க்யூ உங்கள் கையில் மாட்டியிருக்க எதிராளி ஆட்டத்தை முடித்துவிட்டால் உங்களுக்கும் அவருக்கும் நடுவே 20 புள்ளி இடைவெளி கூடிவிடும். பையில் ஏழு டைலுக்குக் குறைவாக இருக்கும் கட்டத்தில் மாற்றவும் முடியாது.

நமக்கு இதில் ஒரு வசதி. இந்தச் சொற்களில் கணிசமானவை அரபு, பாரசீகம் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றில் சிலவற்றைத் தமிழில் ஏற்கெனவே வேறு உருவில் அறிந்திருக்கிறோம்.

எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் நம் பக்கிரி. பி-யு-ஆர்-க்யூ-ஏ புர்கா. டீ-ஏ-எல்-ஏ-க்யூ தலாக். டபிள்யூ-ஏ-க்யூ-எஃப் வக்ஃபு. க்யூ-ஏ-டபிள்யூ-டபிள்யூ-ஏ-எல்-ஐ கவ்வாலி. க்யூ-ஏ-டி-ஐ தீர்ப்பு வழங்கும் காஜி. என்-ஐ-க்யூ-ஏ-பி முகத்தை மூடும் திரை. க்யூ-ஐ-பி-எல்-ஏ தொழுகையின் திசை. இந்த எட்டையும் ஒரே மாலையில் படித்துவிடலாம், புதிதாகக் கற்பதற்கு எழுத்துக்கூட்டல் மட்டுமே.

அடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும். க்யூ-ஏ-டீ என்பது மென்றால் கிளர்ச்சி தரும் ஒரு செடியின் இலை. இதைக் கே-ஏ-டீ, கே-ஹெச்-ஏ-டீ என்றும் எழுதலாம். க்யூ-ஏ-ஐ-டி வட ஆப்பிரிக்கத் தலைவர். க்யூ-ஏ-என்-ஏ-டீ என்பது மலையடி நீரைச் சமவெளிக்குக் கொண்டுவரும் நிலத்தடி வாய்க்கால். ஈரானின் இந்த வாய்க்கால்களை 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. க்யூ-ஓ-ப்பி-ஹெச் ஹீப்ரு எழுத்து. க்யூ-ஐ-வி-ஐ-யு-டீ வட துருவப் பகுதியில் வாழும் கஸ்தூரி எருதின் அடிமுடியிலிருந்து எடுக்கும் கம்பளி. க்யூ-ஐ-என்-டி-ஏ-ஆர் அல்பேனியாவின் சில்லறைக் காசு. எம்-பி-ஏ-க்யூ-ஏ-என்-ஜி-ஏ தென் ஆப்பிரிக்க நடன இசை; எட்டெழுத்து என்பதால் வாய்ப்பு குறைவு, ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்காது. டீ-ஆர்-ஏ-என்-க்யூ மயக்க மருந்தின் சுருக்கப் பெயர்.

க்யூ-டபிள்யூ-இ-ஆர்-டீ-ஒய் படிக்கவே வேண்டாம். விசைப்பலகையின் மேல் வரிசையில் இடமிருந்து ஆறு எழுத்துகள். அந்த விசைப்பலகை அமைப்புக்கே அதுதான் பெயர்.

க்யூவில் முடியும் சொற்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பலகையின் ஓரத்தில் இடம் இல்லாதபோது இவைதான் கைகொடுக்கும்: தலாக், மயக்க மருந்து, பிறகு எஸ்-யு-க்யூ என்ற அரபுச் சந்தை, யு-எம்-ஐ-ஏ-க்யூ என்ற இனுயிட் மக்களின் தோல் படகு.

பொறி எங்கே என்றால், எழுத்து மாற்றத்தில். காஜியைக் க்யூ, கே, சி மூன்றிலும் தொடங்கலாம், மூன்றும் செல்லும். இதைப் பார்த்துவிட்டு "க்யூ வந்த இடத்தில் எல்லாம் கே போடலாம், கே வந்த இடத்தில் க்யூ போடலாம்" என்று விதி செய்துகொள்ளாதீர்கள். பட்டியலில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒவ்வொன்றையும் தனியாகச் சரிபாருங்கள்.

5. உயிரெழுத்தே இல்லாத சொற்கள்

டைல்களை நிறுத்தி வைக்கும் சட்டமான ரேக்கில் ஏழும் மெய்யெழுத்தாக வந்து நின்றால் பலரும் ஒரு முறையை விட்டுக்கொடுத்து டைல்களை மாற்றுவார்கள். அதற்கு முன் இந்தக் கூட்டத்தை ஓட்டிப் பாருங்கள்.

பெரும்பாலானவை வாயால் எழுப்பும் ஒலிகள். ஹெச்-எம், ஹெச்-எம்-எம் யோசனை. எஸ்-ஹெச், எஸ்-ஹெச்-ஹெச் சத்தம் போடாதே. ப்பி-எஸ்-டீ, ப்பி-எஸ்-எஸ்-டீ மெல்லக் கூப்பிடுவது. பி-ஆர்-ஆர், பி-ஆர்-ஆர்-ஆர் குளிர். டீ-எஸ்-கே உச்சுக்கொட்டுவது. ப்பி-ஹெச்-டீ, ப்பி-ஹெச்-ப்பி-ஹெச்-டீ எரிச்சல். இரண்டாவதுக்குச் சும்மா வைத்தாலே 15 புள்ளி.

ஒலிக்குறிப்பு அல்லாதவை சில. என்-டீ-ஹெச் என்பது கணக்கில் வரும் 'என்'-ஆவது என்ற வரிசைச் சொல். சி-டபிள்யூ-எம், உச்சரிப்பு கூம், மலைச்சரிவில் பனியாறு குடைந்த கிண்ணப் பள்ளம். வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் நிற்கும், அதனால்தான் இந்த எழுத்துக்கூட்டல். எவரெஸ்ட் ஏறுபவர்கள் கடக்கும் வெஸ்டர்ன் கூம் இதே சொல்தான், நினைவில் நிறுத்த அது போதும். சி-ஆர்-டபிள்யூ-டீ-ஹெச், உச்சரிப்பு க்ரூத், வேல்ஸ் நாட்டுப் பழைய தந்தி வாத்தியம்.

ஒய்-யை மட்டும் உயிராகக் கொண்டவை அடுத்த அடுக்கு. எக்ஸ்-ஒய்-எஸ்-டீ பண்டைக் கிரேக்கத்தில் விளையாட்டு வீரர்கள் பயிற்சி எடுத்த கூரையிட்ட நடைக்கூடம். ப்பி-ஒய்-எக்ஸ் தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வைக்கும் சிறு பேழை. ஆர்-ஒய்-என்-டி எந்திரக்கல்லைத் தாங்கும் இரும்பு. எம்-ஒய்-ஆர்-ஆர்-ஹெச் நறுமணப் பிசின், வெள்ளைப்போளம் என்று தமிழ் விவிலியத்தில் படித்திருப்பீர்கள். எஸ்-ஒய்-இசட்-ஒய்-ஜி-ஒய், சிசிஜி, மூன்று விண்பொருள்கள் ஒரே கோட்டில் நிற்பது. கிரகண நேரத்தில் சூரியன், பூமி, நிலா போல. ஒய் டைல் இரண்டுதான் இருப்பதால் மூன்றாவதுக்கு வெற்று டைல் வேண்டும்.

டைல் எண்ணிக்கையை எப்போதும் சரிபார்க்கச் சொன்னது இதற்குத்தான். மூன்று இசட் சேர்ந்து குறட்டையைக் குறிக்கும் சொல் பட்டியலில் இருக்கிறது. வைக்க இரண்டு வெற்று டைலையும் செலவிட வேண்டும், கிடைப்பது 10 புள்ளி. வெற்று டைலை அப்படி வீணாக்குவதைவிட முறையை விட்டுவிடுவது மேல். டீ-எஸ்-கே-டீ-எஸ்-கே என்ற இரட்டை உச்சுக்கும் இரண்டாவது கே-க்கு வெற்று டைல்தான்.

6. உயிரெழுத்து மட்டும் குவிந்தால்

நடைமுறையில் இந்தத் தொல்லைதான் அடிக்கடி வரும். 100 டைலில் ஏ, இ, ஐ, ஓ, யு மட்டுமே 42.

ஏ-ஏ என்பது கரடுமுரடாக உறைந்த எரிமலைக் குழம்பு, ஹவாய் மொழிச் சொல். வழவழப்பாக உறைந்ததற்கு ப்பி-ஏ-ஹெச்-ஓ-இ-ஹெச்-ஓ-இ என்று பெயர். ஏ-ஐ என்றால் செயற்கை நுண்ணறிவு அல்ல. முதலெழுத்துகளை மட்டும் சேர்த்த சுருக்கங்கள் ஸ்கிராபிளில் செல்லாது. மூன்று விரல் ஸ்லாத் என்ற விலங்கு அது. இரண்டு விரல் ஸ்லாத்துக்கு யு-என்-ஏ-யு. இரண்டு யு-வை ஒரே வீச்சில் தள்ள இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது. ஓ-இ ஃபாரோ தீவுகளின் சுழற்காற்று. ஏ-இ ஸ்காட்லாந்து வழக்கில் 'ஒரு'.

நீளமானவற்றில் ஏ-யு-ஆர்-இ-ஐ ரோமானியப் பொற்காசுகள். ஏ-ஏ-எல்-ஐ-ஐ ஹவாயில் வளரும் சிறு மரம். இரண்டு ஐ இருக்கும்போது நினையுங்கள். எம்-ஓ-யு-இ உதட்டைச் சுழிப்பது. எல்-யு-ஏ-யு ஹவாய் விருந்து. சி-ஓ-ஓ-இ-இ ஆஸ்திரேலியக் காட்டில் தொலைவில் இருப்பவரை அழைக்கும் குரல். இ-யு-ஓ-ஐ மதுக்கடவுள் விழாவில் எழுப்பிய கூச்சல்.

இ-யு-ஓ-யு-ஏ-இ ஆறும் உயிரெழுத்து. இலத்தீன் தேவாலயப் பாட்டின் முடிவில் வரும் 'சேகுலோரும் ஆமென்' என்ற இரு சொற்களின் உயிர்களை மட்டும் உருவி எடுத்து அமைத்தது. அழகான சொல். ஆனால் ஆட்டத்தில் வைக்க வாய்ப்பு வருவது அபூர்வம், வந்தாலும் புள்ளி மிகச் சொற்பம். இதை ரசனைக்குப் படியுங்கள்.

7. காது சொல்வதை நம்பாதீர்கள்

முதல் எழுத்து ஒலிக்காத சொற்கள் நமக்குக் கூடுதல் சிக்கல். நாம் பெரும்பாலும் தமிழ் ஒலியாகவே மனத்தில் வைத்திருப்போம். ஒலிக்காத எழுத்து அங்கே இருக்கவே இருக்காது. அதனால் இவற்றைக் கண்ணுக்கும் கைக்குமாகப் படிக்க வேண்டும். ஜி-என்-ஓ-எம்-ஓ-என் சூரியக் கடிகாரத்தில் நிழல் காட்டும் கம்பி. ப்பி-எஸ்-ஓ-ஏ-எஸ் இடுப்புத் தசை. ப்பி-டீ என்று தொடங்கும் டார்மிகன், குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும் பனிப்பகுதிப் பறவை. சி-என்-ஐ-டி-ஏ ஜெல்லிமீனின் செல்லுக்குள் இருக்கும் கொட்டும் நுண்பை. பி-டி-இ-எல்-எல்-ஐ-யு-எம், குங்குலிய வகைப் பிசின். டீ-எம்-இ-எஸ்-ஐ-எஸ் ஒரு சொல்லைப் பிளந்து நடுவில் இன்னொரு சொல்லைச் செருகும் இலக்கண உத்தி.

எக்ஸில் தொடங்குபவை இசட் ஒலியில் வரும்: எக்ஸ்-இ-பி-இ-சி மத்தியதரைக் கடலின் மூன்று பாய்மரக் கப்பல், எக்ஸ்-இ-ஆர்-யு-எஸ் ஆப்பிரிக்கத் தரை அணில்.

ஆங்கில எழுத்துகளின் பெயர்களும் சொற்களே என்பதை இங்கேயே சேர்த்துவிடலாம். இ-எஃப், இ-எல், இ-எம், இ-என், இ-எஸ், ஏ-ஆர் எல்லாம் செல்லும். ஏ-ஐ-டீ-சி-ஹெச் என்றால் ஹெச், டபிள்யூ-ஒய்-இ என்றால் ஒய். கிரேக்க எழுத்துகள் கணிதம் படித்தவர்களுக்கு இலவசம்: மியூ, நியூ, பை, சை, ரோ, டாவ், ஈட்டா என்று அத்தனையும் உண்டு.

8. எஸ் சேருமா? அர்த்தம் இங்கேதான் புள்ளியாகிறது

ஏற்கெனவே பலகையில் இருக்கும் சொல்லின் முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்தைச் சேர்ப்பதை ஹூக் என்பார்கள். எஸ் ஹூக்தான் அதிகம் பயன்படும், அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. சொல் பெயரா, வினையா, உணர்ச்சி ஒலியா என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

க்யூ-ஐ, இசட்-ஓ, ஏ-ஏ, ஏ-ஐ எல்லாம் பெயர்கள், எஸ் ஏற்கும். ஏ-இ 'ஒரு' என்ற அடைமொழி, ஏற்காது. என்-டீ-ஹெச் ஏற்காது. ரோமானியப் பொற்காசுகள் ஏற்கெனவே பன்மை, அதற்கு மேல் எஸ் எதற்கு? காதலியைக் குறிக்கும் ஜே-ஓ-வின் பன்மையில் இடையே இ வரும்: ஜே-ஓ-இ-எஸ். சிசிஜி ஒய்-யில் முடிவதால் ஐ-இ-எஸ் ஆகும். பள்ளி இலக்கணம்தான்.

ஒலிக்குறிப்புகளில்தான் கவனம் வேண்டும். ஹெச்-எம் வெறும் ஒலி, எஸ் ஏற்காது. ஆனால் ஏ-ஹெச், ஓ-ஹெச், டீ-எஸ்-கே மூன்றும் 'அப்படி ஒலி எழுப்பு' என்று வினையாகவும் பட்டியலில் உள்ளன, அதனால் ஏற்கும். இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. ஒலிக்குறிப்புகளுக்கு மட்டும் நோட்டில் இரண்டு நெடுவரிசை போட்டு, எஸ் ஏற்பவை, ஏற்காதவை என்று பிரித்து எழுதிவிடுங்கள்.

9. ஏழும் தீர்ந்தால் 50

ஏழு டைலையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். இதற்குப் பிங்கோ என்று பெயர். புதியவர்கள் இப்போதே இதில் மூழ்க வேண்டாம், வாசலை மட்டும் பார்த்துவையுங்கள். ஒரே எழுத்துகளில் பல சொற்கள் ஒளிந்திருக்கும். ஏ, இ, ஐ, என், ப்பி, ஆர், டீ என்ற ஏழிலிருந்து பெயின்டர், பெர்டெய்ன், ரீபெயின்ட் என மூன்று. ப்பி-க்குப் பதில் எஸ் வந்தால் கூட்டம் பெருகும்: ரிடெய்ன்ஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர் போன்ற சாதாரணச் சொற்களோடு, பிசின் வாசம் கொண்ட கிரேக்க ஒயினான ரெட்சினா, மெழுகுவர்த்திக்குப் பயன்படும் கொழுப்பான ஸ்டியரின். பலகையில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதற்கு ஏற்றதைப் பொறுக்கலாம்.

10. கால அட்டவணை

ஒரு நாளில் 20 நிமிடம். அதில் புதியவை பத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் பழையதைக் கேட்டுப் பார்ப்பதற்கு. படித்த சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, இரண்டு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தப்பினால் அந்தச் சொல் மட்டும் முதல் நாளுக்குத் திரும்பும்.

கேட்கும் விதமும் முக்கியம். "கானாட் என்றால் என்ன?" என்று கேட்டுக்கொண்டால் அது பள்ளித் தேர்வு. ரேக்கில் எழுத்துகள் குலைந்துதான் வரும். எனவே எழுத்துகளை அகர வரிசையில் குலைத்து எழுதி, அதிலிருந்து சொல்லை எடுக்கப் பழகுங்கள். ஏ-ஏ-என்-க்யூ-டீ என்று பார்த்தவுடன் நிலத்தடி வாய்க்கால் தோன்ற வேண்டும்.

ஈரெழுத்துக்கு இரண்டு வாரம், க்யூவுக்கு ஒரு வாரம், உயிரில்லாதவை, உயிர் குவிந்தவை இரண்டுக்கும் சேர்த்து இரண்டு வாரம். ஹூக் நோட்டை முதல் நாளிலிருந்தே நிரப்புங்கள். ஏழாவது படியை வேண்டுமானால் மூன்றாம் மாதத்துக்குத் தள்ளலாம்.

11. ஆட்டத்தில் உட்காரும்போது

போட்டியில் ஒருவருக்கு மொத்தம் 25 நிமிடம்தான், இருவருக்கும் தனித்தனிக் கடிகாரம். தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி போகும். விசித்திரச் சொல் தேடிக் கண்ணை மூடி உட்கார அவகாசம் இல்லை. தோன்றினால் வையுங்கள், தோன்றாவிட்டால் அடுத்த நல்ல ஆட்டத்துக்குப் போங்கள்.

வைத்த சொல் செல்லுமா என்று எதிராளி கேட்பதைச் சேலஞ்ச் என்பார்கள். அதன் விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள். நீங்கள் வைத்த சொல் செல்லாது என்று தீர்ந்தால் டைல்களை எடுத்துக்கொண்டு அந்த முறையை இழப்பீர்கள். இது எங்கும் ஒன்றுதான். சொல் செல்லும் என்று தீர்ந்தால் கேட்டவருக்கு என்ன ஆகும் என்பதுதான் மாறும். சில போட்டிகளில் எந்த இழப்பும் இல்லை. சிலவற்றில் சில புள்ளிகள் தண்டனை. வட அமெரிக்க முறையில் கேட்டவர் தன் முறையையே இழப்பார். அங்கே நீங்கள் தயக்கமில்லாமல் க்ரூத் வைத்தால் கேட்க எதிராளி இரண்டு முறை யோசிப்பார். இழப்பில்லாத இடத்தில் சந்தேகம் உள்ளதை எல்லாம் அவர் கேட்டுவிடுவார். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வையுங்கள்.

தெரியாத சொல் எதிரே வந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், ஸ்கோர் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் பட்டியலில் தேடி, ஒரு வரி அர்த்தத்தோடு அதற்குரிய பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.